குடும்ப வழியில் வருவது எது? குமரி முதியோரின் மறதிநோயும் மரபணுவும்

குமரி மாவட்டத்தில் மூளை நரம்பில் கோளாறு என்றால் வண்டி பெரும்பாலும் கேரள எல்லையான களியக்காவிளைப் பக்கம்தான் திரும்பும். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. இருந்தாலும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டு வந்தால்தான் பல குடும்பங்களுக்கு மனம் ஆறும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம், நோய் என்று வந்துவிட்டால் இன்னமும் திருவிதாங்கூர்தான். நினைவு தப்பிய முதியவரை மருத்துவர் முன்னால் உட்கார வைத்த பிறகு, கூட வந்த மகனோ மகளோ முதலில் மருந்தைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி அநேகமாகத் தங்களைப் பற்றியதாக இருக்கும்: "எங்க பாட்டாவுக்கும் கடைசிக் காலத்துல இப்படித்தான் ஓர்மை போச்சு. இது எங்க குடும்பத்துல உள்ளதாக்கும். எங்களுக்கும் வருமா டாக்டர்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. குடும்பத்தில் வருவது எல்லாமே மரபணுவில் வருவதில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்கு மரபணுவோடு அடுக்களையையும் கொடுக்கிறார்கள். தொழிலையும், பள்ளிப் படிப்பையும், பேசும் மொழியையும், வீடு நிற்கிற மண்ணையும் கொடுக்கிறார்கள். மறதிநோய் பற்றிய கடந்த நாற்பதாண்டு ஆராய்ச்சியைக் குமரியில் இருந்துகொண்டு படித்தால், இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை என்று தெரிகிறது. பிரித்துப் பார்க்காதவர்கள் அநாவசியமாகப் பயப்படுகிறார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

முதலில் மரபணுவின் பங்கு. ஸ்வீடன் நாட்டு இரட்டையர்களை வைத்து மார்கரெட் காட்ஸ் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, அல்சைமர் நோயில் மரபின் பங்கு 58 முதல் 79 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது. எங்கும் மேற்கோள் காட்டப்படுகிற எண் இது. எங்கும் தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. அப்பாவுக்கு நோய் இருந்தால் மகனுக்கு வர 79 விழுக்காடு வாய்ப்பு என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபால் விளக்கப்படுகிறது என்பதே அந்த எண். ஸ்வீடனில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தரத்துப் பள்ளி, ஒரே தரத்து வைத்தியம். சூழல் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் மரபின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். ஒரே தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியையும் வசிக்கிற ஊரில் அதே எண் கிடைக்க வேண்டிய அவசியமில்லை.

பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பு, வாங்கியவருக்கு ஏறக்குறைய நிச்சயமாக நோய் என்று ஒரு வகை உண்மையிலேயே இருக்கிறது. அதற்குக் காரணமான மரபணுக்கள் மூன்று. 21-ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.பி. மரபணுவின் பிழை 1991-ல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. பிரெசெனிலின்-1, பிரெசெனிலின்-2 இரண்டும் 1995-ல். இவற்றால் வரும் நோய் முதுமைக்குக் காத்திராது, நாற்பது ஐம்பது வயதிலேயே தொடங்கிவிடும். கொலம்பியாவின் அந்தியோகியா மலைப்பகுதியில் இப்படி ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. பல்லாயிரம் பேர் கொண்ட அந்த வம்சத்தை நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா, 2024-ல் தாம் மறையும்வரை நாற்பதாண்டு விடாமல் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் பிழையுள்ள பிரெசெனிலினைச் சுமப்பவர்களுக்கு நாற்பதுகளின் நடுவில் மறதி தொடங்கிவிடும். அதே பிழையோடு பிறந்த ஒரு பெண்மணி மட்டும் எழுபது வயதைத் தாண்டும்வரை தெளிவாகவே இருந்தார். காரணம் 2019-ல் தெரிந்தது: அபோ-ஈ என்ற வேறொரு மரபணுவில் அவருக்கு இரு பிரதியிலும் ஓர் அரிய மாற்றம் இருந்தது. விதி என்று சொல்லத்தக்க மரபணுவையே இன்னொரு மரபணு முப்பதாண்டு தள்ளிப் போட்டது. அல்சைமர் ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய செய்தி இந்த நூற்றாண்டில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்த மூன்று மரபணுக்களால் வருவது மொத்த அல்சைமர் நோயில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. எழுபத்தைந்து வயதில் மறதி தொடங்கிய ஒரு முதியவரின் வீட்டில் இதைத் தேடிப் போவது வீண். அங்கே பேசவேண்டியது அபோ-ஈ பற்றித்தான்.

19-ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. மூளையில் நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் அணுக்கள் இதைச் சுரக்கின்றன. நரம்புகளைப் பழுதுபார்க்கத் தேவையான கொலஸ்டிராலைக் கொண்டு சேர்ப்பதும், அமிலாய்டு என்னும் கழிவுப் புரதத்தை அப்புறப்படுத்த உதவுவதும் இதன் வேலை. மூன்று வடிவங்கள் உண்டு: ஈ-2, ஈ-3, ஈ-4. 299 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தில் ஈ-3-க்கும் ஈ-4-க்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலம்தான். ஆனால் விளைவு சின்னதில்லை. 1993-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் காட்டியபடி, ஈ-4 ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறுகிறது, இரண்டு இருந்தால் இன்னும் பல மடங்கு ஏறுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஒரு பிரதிக்கு மூன்று மடங்கு, இரண்டு பிரதிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஈ-2 இதற்கு நேர்மாறு, அது காப்பாற்றுகிறது. இரண்டு பிரதி ஈ-4 உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே அறுபத்தைந்து வயதுக்குள் மூளையில் நோயின் தடம் விழுந்துவிடுகிறது, ஆகவே இதைத் தனியொரு மரபு நோயாகவே கருதலாம் என்று பார்சிலோனாவின் ஹுவான் ஃபோர்தேயா குழு 2024-ல் எழுதியது. மூளையில் தடம் விழுவதும் ஆள் ஓர்மை இழப்பதும் ஒன்றல்ல என்று உடனே மறுப்பும் வந்தது. அபோ-ஈ தவிர, சின்னச் சின்ன விளைவுள்ள 75 மரபணு இடங்களை 2022-ல் வந்த ஐரோப்பியப் பெருந்தொகுப்பு ஆய்வு பட்டியலிட்டிருக்கிறது.

இவ்வளவும் வெள்ளைக்காரர்களின் ரத்தத்தில் கண்டது. நம் ரத்தத்தில்?

இந்தியாவில் இதற்கு முதல் விடை ஹரியானாவின் பல்லப்கட் வட்டாரத்துக் கிராமங்களில் கிடைத்தது. விஜய் சந்திரா, ராஜேஷ் பாண்டவ், மேரி கங்குலி ஆகியோர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மொனாங்கஹேலா பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு அது. 55 வயதைத் தாண்டிய 5,126 பேர். அவர்களில் கிட்டத்தட்ட முக்கால் பங்கினர் எழுத்தறிவில்லாதவர்கள். தேதியும் கிழமையும் கேட்டால் விழிப்பவர்களை நோயாளி என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக வினாத்தாளையே இந்தியில், அவர்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி புதிதாக அமைத்தார்கள். முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரில் ஆண்டுக்குப் புதிதாக அல்சைமர் வந்தவர்கள் 4.7 பேர்தான். மொனாங்கஹேலாவில் 17.5. ஈ-4 வடிவமும் பல்லப்கட்டில் குறைவு: அங்கே சுமார் 7 விழுக்காடு, பென்சில்வேனியாவில் 11. ஆனால் ஈ-4 இருப்பவருக்கு நோய் வரும் சாய்வு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மரபணு குறைவாக இருந்தது, அதன் குணம் மாறவில்லை.

இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு 'இந்தியர்களுக்கு அல்சைமர் அதிகம் வராது, மஞ்சள் சாப்பிடுகிறோம்' என்று ஒரு கதை கிளம்பி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையை உடைத்தது திருவனந்தபுரம். ஸ்ரீசித்திராவில் இருந்த நரம்பியல் மருத்துவர் பி. எஸ். மதுரநாத்தும் குழுவினரும் பத்தாண்டுத் தொடர்கண்காணிப்பு நடத்தி 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி, 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 15.54 பேர். பென்சில்வேனியாவுக்கு ஒரு படி கீழே, பல்லப்கட்டைப்போல மூன்று மடங்கு! இரண்டு ஆய்வின் முறைகளும் ஒன்றல்ல. எண்ணை எண்ணோடு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை முறை வேறுபாட்டால் மட்டும் விளக்க முடியாது. கேரளத்திலும் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், தாராளமாகவே.

குமரிக்கு எந்த எண் பொருந்தும்? என் பார்வையில் சந்தேகமில்லாமல் திருவனந்தபுரத்து எண்தான். மக்கள் அங்கேயும் இங்கேயுமாகக் கலந்தவர்கள். தேங்காயும் மரச்சீனியும் மீனும் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. கல்வி மூளைக்குச் சேமிப்பு என்கிறார்கள், அப்படியானால் இங்கே நோய் குறைய வேண்டுமே என்று கேட்கலாம். கல்வி நோயைத் தள்ளிப்போடும் என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. ஆனால் படிப்பும், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியதிலிருந்து இங்கே வேரூன்றிய வைத்தியப் பழக்கமும் ஆயுளையும் கூட்டின. ஆயுள் கூடக் கூட, நோய் வருகிற வயதை எட்டுபவர்களும் கூடுகிறார்கள். பல்லப்கட்டில் அந்தக் காலத்தில் நோய் முற்றும் முன்பே வேறொன்று ஆளைக் கொண்டுபோனது. இங்கே ஆள் இருக்கிறார். அதனால் நோய் கண்ணில் படுகிறது. செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தவர் வாசிக்காமல் போனால் வீட்டுக்குத் தெரியும். வாசித்தே பழக்கமில்லாதவரிடம் அந்த அடையாளமும் தெரியாது.

ஈ-4-இன் வலிமை ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதற்கு வெளியிலும் சான்று உண்டு. நைஜீரியாவின் இபாதான் நகரத்து யொரூபா மக்களிடம் ஈ-4 தாராளமாக இருந்தும், அமெரிக்கக் கறுப்பினத்தவரைவிட நோய் குறைவு. மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பும் அங்கே மெலிந்திருந்தது. பொலிவியக் காட்டுச் சிமானே மக்களில், குடற்புழுத் தொற்று மிகுந்தவர்களுக்கு ஈ-4 இருந்தால் புத்திக்கூர்மை நன்றாகவே இருந்தது என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. தொற்று நிறைந்த பழைய உலகத்தில் பிழைக்க உதவிய வடிவம், சீனியும் கொழுப்பும் நிறைந்த புதிய உலகத்தில் எதிரியாகிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மரபணு மட்டும் தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை என்ற அளவில் அது சரி.

இனி, குமரிக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சந்தேகப்படுகிற இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன். ஒன்று சொந்தத்தில் கட்டுவது. மற்றொன்று மணல்.

முறைமாப்பிள்ளைக்கும் முறைப்பெண்ணுக்கும் கட்டிவைக்கிற வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் வலுவாக இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணங்களின் பங்கு இங்கே நான்கில் ஒன்றைத் தாண்டுகிறது, கேரளத்திலோ மிகக் குறைவு. உறவுக்குள் கட்டினால், அப்பா அம்மா இருவரிடமும் மறைந்து கிடக்கும் ஒரே பிழை பிள்ளையிடம் சேர்ந்துவிடலாம். பிறவிக் காதுகேளாமை, ரத்தக் கோளாறுகள், சில குழந்தைப்பருவ நரம்பு நோய்கள் இப்படி வருகின்றன. முதுமை மறதி பெரும்பாலும் இந்த வழியில் வருவதில்லை. ஈ-4 ஒற்றைப் பிரதியே ஆபத்தை ஏற்றிவிடுகிறது, அதற்கு உறவு முறை தேவையில்லை. இடையில் ஒரு சாம்பல் நிலம் மட்டும் இருக்கிறது. இஸ்ரேலின் வாதி ஆரா பகுதியில் நெடுங்காலமாக உறவுக்குள்ளேயே மணம் முடித்துவரும் அரபுச் சமூகத்தில் அல்சைமர் மிக அதிகம், ஆனால் ஈ-4 மிகக் குறைவு. அதாவது அங்கே வேறு ஏதோ மரபணு வேலை செய்கிறது. இன்னோர் எடுத்துக்காட்டாக, டிரெம்-2 என்ற மரபணுவில் இரு பிரதியும் பழுதானால் நடுவயதிலேயே எலும்பு நோயும் புத்திமயக்கமும் சேர்ந்து வரும். அதே மரபணுவில் வேறொரு மாற்றம் ஒற்றைப் பிரதியாக இருந்தாலே அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2013-ல் தெரிந்தது.

சொந்தத்தில் கட்டாவிட்டாலும் சாதிக்குள் கட்டுகிறோமே, அதுதான் மரபியலுக்குப் பெரிய விஷயம். இந்தியர்களின் வடக்கு, தெற்கு மூதாதையர் கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்து பிறகு நின்றுபோனது என்று 2013-ல் பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் குழு காட்டியது. கலப்பு நின்றதும் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனித் தீவானது. 2017-ல் வந்த தொடர் ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களின் 'தொடக்கர் விளைவு', மரபு நோய்களுக்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமையாக இருந்தது. சின்னதொரு மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகிய சமூகத்தில், அந்தச் சிலரிடம் இருந்த அரிய மாற்றங்கள் இன்று ஆயிரக்கணக்கானோரிடம் இருக்கும் என்பதே இதன் பொருள். வைசியர் சமூகத்தில் அறுவை மயக்கமருந்து ஒன்று உடலில் கரையாமல் தங்கிவிடும் குறைபாடு இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. நாஞ்சில் நாட்டு வயல்வெளியிலிருந்து கடலோரத்துக்கும், அங்கிருந்து பேச்சிப்பாறைக் காணிக்காரர் குடியிருப்புக்கும் ஒரே நாளில் போய்வந்துவிடலாம். மரபு வழியில் பார்த்தால் அவை வெவ்வேறு தீவுகள். கொலம்பியாவில் ஒரு வம்சத்தில் கிடைத்தது போன்ற கெட்ட மரபணு இங்கே ஏதோ ஒரு தீவில் இருக்கலாம். அந்தப் பெண்மணியிடம் கிடைத்தது போன்ற காக்கும் மரபணுவும் இருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் தேடி வரவேண்டியது இந்த இரண்டாவதற்காகத்தான் என்பேன்.

அடுத்தது மணல். மணவாளக்குறிச்சியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் கண்டுபிடித்ததிலிருந்து இந்தக் கடற்கரையின் கதை மாறிவிட்டது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிர் வீசுகிறது. இன்று இந்திய அரியமணல் நிறுவனம் அங்கே வேலை செய்கிறது. கரையோர ஊர்களில் புற்றுநோய் பற்றிய அச்சம் தலைமுறைகளாக இருக்கிறது. மறதிநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு டவுன் நோய்க்குறி வழியாக வருகிறது. 21-ஆம் குரோமோசோம் மூன்று பிரதியாகப் பிறப்பவர்கள் அவர்கள். அமிலாய்டுக்கு மூலமான ஏ.பி.பி. மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய அவர்கள் எல்லாருடைய மூளையிலும் அல்சைமர் படிவுகள் தோன்றிவிடுகின்றன. இதே மணல் தொடரும் கேரளக் கடலோரத்தில் டவுன் நோய்க்குறி அதிகம் என்று 1976-ல் கொச்சுப்பிள்ளை, வர்மா, கிரேவால், ராமலிங்கசாமி ஆகியோர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பரபரப்பு பெரிதாயிற்று. முறைகளைப் பற்றி விமர்சனமும் வந்தது. பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையம் 1995 முதல் கேரளத்தின் அதே கதிர்வீச்சுக் கரையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்தது. பிறவிக் குறைபாடுகள் கதிர்வீச்சோடு கூடுவதாகத் தெரியவில்லை. இரண்டாவது சான்றுக்கே எடை அதிகம். அளவும் பெரிது, குழந்தை பிறக்கும்போதே பார்த்தது.

ஆனால் மணலின் கணக்கு அத்தோடு முடியவில்லை. 2002-ல் ஜெர்மன், பிரிட்டன் ஆய்வாளர்கள் அந்தக் கேரளக் கரையின் மீனவக் குடும்பங்களில் தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்டிரிய மரபணுவை ஆராய்ந்து, கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றங்கள் கூடுதலாக நிகழ்வதாகக் கண்டார்கள். நோய் எதையும் அவர்கள் காணவில்லை, தேடவும் இல்லை. மைட்டோகாண்டிரியா உயிரணுவுக்குச் சக்தி தரும் உறுப்பு. மூளை சக்தியை மிகுதியாகச் செலவழிக்கிற இடம். தாய்க்கு அல்சைமர் இருந்தவர்களின் மூளையில், தந்தைக்கு இருந்தவர்களைவிட, சர்க்கரைப் பயன்பாடு முன்கூட்டியே குறைந்திருப்பதாக 2007-ல் லிசா மொஸ்கோனி காட்டியதையும் இதோடு சேர்த்து யோசிக்கத் தோன்றுகிறது. யோசிக்கலாம், முடிவுகட்ட முடியாது. கவிமணி கேலியாடிய மருமக்கள்வழிச் சொத்துரிமை 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளை விட்டு வெளியேறத் தொடங்கியது. தாய்வழியே போகும் இந்தச் சொத்தை மட்டும் எந்தச் சட்டமும் மாற்ற முடியாது.

மண்ணை விட்டு மொழிக்கு வருவோம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி 648 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது, இரண்டு மொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்குகிறது என்று. படிப்பறிவில்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது என்பதுதான் இதன் சிறப்பு. கல்வியின் பலனை மொழியின் பலன் என்று மயங்கவில்லை என்று காட்ட முடிந்தது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இன்று எண்பதைத் தொடுகிறவர்கள் பலர் மலையாளம் ஆட்சி மொழியாக இருந்த காலத்தில் பள்ளிக்குப் போனவர்கள். வீட்டில் ஒன்று, சந்தையிலும் கச்சேரியிலும் இன்னொன்று என்று இரண்டு மொழியை வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். ஹைதராபாத் முடிவு உண்மையானால் இவர்கள் பயனடைந்த கூட்டம். ஆனால் அது மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு. நியூயார்க்கில் ஸ்பானிய மொழிக் குடியேறிகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் இப்படி ஒரு பாதுகாப்பு தெரியவில்லை. நான் பாதி நம்புகிறேன். இரண்டு மொழி பேசுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் மீதிப் பாதியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

குடும்பத்தில் வருவதில் மரபணு அல்லாத பெரும்பகுதி அடுக்களையில் இருக்கிறது. முதுமை மறதி எல்லாமே அல்சைமர் கிடையாது. மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபட்டுச் சிறுசிறு பக்கவாதங்களால் வரும் மறதி நம் பக்கத்தில் கணிசம். 1996-ல் கேரளக் கிராமப்புறத்தில் எஸ். ஷாஜி குழு செய்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்தது இந்த வகைதான். 2005-ல் கொச்சி நகரத்தில் அல்சைமர் முந்தியது. ரத்தக்குழாய் மறதிக்குத் தாய்தகப்பன் பிரஷரும் சுகரும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நீரிழிவு தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5. இவற்றிலும் மரபு இருக்கிறது. ஆனால் கருவாடும் உப்பிட்ட மாங்காயும் மூன்று வேளைச் சோறும் மரபணுவில் எழுதப்பட்டவை அல்ல. ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே வயதில் பக்கவாதம் வந்தால், ரத்தத்தைப் பரிசோதிக்கும் முன் உப்பு ஜாடியைப் பார்ப்பது நல்லது. தொழிலும் இப்படித்தான். பனையேறியவர்களில், மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட வரலாறு இல்லாத குடும்பம் அபூர்வம். தலைக்காயம் மறதிநோயின் ஆபத்தைக் கூட்டும். ஈ-4 உள்ள குத்துச்சண்டை வீரர்களுக்கு அடியின் பாதிப்பு கடுமையாக இருந்தது என்று 1997-லேயே அமெரிக்காவில் கண்டார்கள். மரபணுவும் தொழிலும் கைகோத்துக்கொள்வது இப்படி.

'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலக மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. கல்விக்குறைவு, காதுகேளாமை, கெட்ட கொலஸ்டிரால், பிரஷர், சுகர், புகை, குடி, மனச்சோர்வு, தனிமை, பார்வைக்குறைவு எல்லாம் அதில் அடக்கம். மகன் வளைகுடாவில், மகள் பெங்களூரில், பெரிய கான்கிரீட் வீட்டில் தனியாக ஒரு அம்மா. இந்தத் தனிமை குமரியில் ஒரு தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிறது. ஈ-4 இருப்பவர்களுக்கு இந்தச் சீர்திருத்தங்களால் பயன் உண்டா என்பதுதான் முக்கியமான கேள்வி. பின்லாந்தில் 1,260 முதியோரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய் ஆபத்துக் கண்காணிப்பு நான்கையும் இரண்டு ஆண்டு சேர்த்துச் செய்த சோதனையில், ஈ-4 உள்ளவர்களும் இல்லாதவர்களைப் போலவே பயன்பெற்றார்கள்.

அப்படியானால் ரத்தம் கொடுத்து ஈ-4 இருக்கிறதா என்று பார்த்துவிடலாமா? பரிசோதனை இன்று வீட்டு வாசலில் வந்து மாதிரி எடுத்துப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 2007-ல் தம் மரபணு முழுவதையும் உலகுக்கு வெளியிட்டபோது, அபோ-ஈ விவரத்தை மட்டும் மறைக்கச் சொன்னார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. பக்கத்து எழுத்துகளை வைத்தே அதை ஊகித்துவிடலாம் என்று வேறு சிலர் காட்டியது தனிக்கதை. தெரிந்துகொண்டவர்களுக்கு நீடித்த மனஉளைச்சல் வருவதில்லை என்று 2009-ல் ஓர் அமெரிக்க ஆய்வு ஆறுதல் சொன்னது. ஆனால் தமக்கு ஈ-4 இருப்பது தெரிந்த முதியவர்கள், தெரியாதவர்களைவிட நினைவாற்றல் சோதனையில் குறைவாகச் செய்தார்கள் என்று 2014-ல் இன்னோர் ஆய்வு வந்தது. தெரிந்ததே ஒரு சுமையாகிவிட்டது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: தாத்தாவின் பரிசோதனைத் தாள் பேத்தியின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். ஈ-4 இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது, இருந்தும் தொண்ணூறு வயதுவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு என்பதைச் சம்பந்தி வீட்டாருக்கு யார் விளக்குவது? நோய் அறிகுறி இல்லாத ஒருவர் ஆர்வத்துக்காக இந்தப் பரிசோதனை செய்துகொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அமிலாய்டை அகற்றும் புதிய மருந்தான லெக்கனிமாப் தரப்படும் இடத்தில் கதை வேறு. 2023-ல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற இந்த மருந்தால் மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரும் ஆபத்து, இரண்டு பிரதி ஈ-4 உள்ளவர்களுக்கே மிக அதிகம். அங்கே பரிசோதனை அவசியம்.

ஐரோப்பிய எண்களைக் கடன்வாங்கிக் காலம் தள்ளும் நிலை மெல்ல மாறுகிறது. லாசி-டாட் என்னும் தேசிய முதுமை ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்துக்கு அதிகம். அதே ஆய்வில் பங்கேற்றவர்களில் 2,762 பேரின் முழு மரபணுவும் படிக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரா கிராமங்களில் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்துவருகிறது. தென்னக நெல்லும் மீனும் உண்கிற, இரண்டு மொழி பேசுகிற, படித்து முதுமையடைந்த மக்களிடம் இப்படியொரு தொடர் ஆய்வு நடந்தால் என்னென்ன தெரியவரும் என்று யோசித்தால், குமரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை, "எங்களுக்கும் வருமா" என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியது வயது. குடும்பத்தில் அறுபதுக்கு முன்பே மறதி தொடங்கியதா? தலைமுறைக்கு ஒருவராவது அப்படி உண்டா? ஆமென்றால் மரபணு ஆலோசனை தரும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. எழுபத்தைந்துக்குப் பிறகு தொடங்கியதென்றால், பிள்ளைகளின் ஆபத்து மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நாற்பதிலிருந்து பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைப்பதே அதற்கு மருந்து. முதியவர் விஷயத்தில் தைராய்டும் பி-12-ம் மனச்சோர்வும் மறதிபோல வேஷமிடும், அவை குணப்படுத்தக்கூடியவை, முதலில் அவற்றைப் பார்த்தாக வேண்டும். காதையும் பார்க்க வேண்டும். கூப்பிட்டது கேட்காமல் பதில் சொல்லாத பாட்டாவை ஓர்மை போனவர் என்று எழுதிவிட்ட வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ.